சலானுக்கு ஒண்ணு, தலைக்கு ஒண்ணு

ஃபரிதாபாத் என்று சொன்னால் ஊரில் பாதிப் பேர், "அது உ.பி.தானே?" என்பார்கள். இல்லை சாமி, அரியானா. தில்லியிலிருந்து மதுரா ரோட்டைப் பிடித்தால் கொஞ்ச நேரத்தில் வந்துவிடும். பிரிவினையில் வந்த அகதிகளுக்காக உருவாக்கிய ஊரைச் சுற்றித் தொழிற்சாலைகள் முளைத்து வளர்ந்த இடம். டிராக்டர் இங்கே செய்தார்கள், ஃபிரிட்ஜ் செய்தார்கள், எண்பதுகளில் காலேஜ் பையன்கள் கனவு கண்ட ராஜ்தூத் 350 பைக் இங்கேதான் செய்தார்கள். அந்த பைக் போய்ச் சேர்ந்து வெகு காலமாகிறது. ஹெல்மெட் மட்டும் நின்றுவிட்டது. எழுபதுகளில் இங்கே ஆரம்பித்த ஸ்டட்ஸ் இன்றைக்கு எண்ணிக்கையில் உலகத்தின் பெரிய ஹெல்மெட் கம்பெனிகளில் ஒன்று. 2025 நவம்பரில் பங்குச் சந்தைக்கே வந்துவிட்டார்கள்.

நான் அந்தக் கம்பெனியில் வேலை பார்க்கவில்லை. என் ஆணி வேறு இடத்தில். :-) ஆனால் இருபது வருஷத்துக்கு மேல் இந்த ஊரில் இருந்தால் ஹெல்மெட்டைப் பற்றி யோசிக்காமல் இருக்க முடியாது. மோல்டிங் வேலை செய்கிறவர், தெர்மோகோல் சப்ளை செய்கிறவர், ஸ்டிக்கர் அடிக்கிறவர் என்று தெருவுக்கு ஒருத்தர் கிடைப்பார்.

ரொம்ப நாளாக மனதில் இருந்த கேள்வி இது. பிளாட்ஃபாரத்தில் 250 ரூபாய்க்கு ஒரு ஹெல்மெட். கடையில் ஆயிரம் ரூபாய்க்கு ஒன்று. பக்கத்துக் கண்ணாடி அலமாரியில் ஐம்பதாயிரத்துக்கு ஜப்பான்காரன் ஒன்று. மூன்றும் மண்டையில்தான் உட்காருகின்றன. இந்த விலையை யார் எதை வைத்து முடிவு செய்கிறார்கள்? தேடிப் படித்ததில் எனக்குப் புரிந்தது, வாங்குகிறவன் யாரைப் பார்த்து பயப்படுகிறானோ அதை வைத்துத்தான் இந்தச் சரக்கின் விலை நிற்கிறது. இங்கே பெரும்பாலும் அந்த 'யார்' டிராஃபிக் போலீஸ்.

கதையை முதலிலிருந்து சொல்கிறேன்.

1914-ல் இங்கிலாந்தின் புரூக்லண்ட்ஸ் ரேஸ் மைதானத்தில் டாக்டராக இருந்தவர் எரிக் கார்ட்னர். தலையில் அடிபட்டு வருகிற பைக் வீரர்களைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போய், கான்வாஸ் துணியில் அரக்கு பூசி ஒரு குல்லாய் செய்ய வைத்தார். அந்த வருஷம் ஐல் ஆஃப் மேன் ரேஸில் அதைக் கட்டாயமாக்கினார்கள். அதாவது ஹெல்மெட் முதலில் ரேஸ்காரன் சமாசாரம். ரோட்டில் போகிற சாதாரண மனிதனுக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது.

அந்தச் சம்பந்தத்தை உண்டாக்கியது ஒரு சாவு. 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா' படம் பார்த்திருப்பீர்கள். அந்த லாரன்ஸ் 1935 மே 13 அன்று தன் புரஃப் சுப்பீரியர் பைக்கில் போகும்போது, சைக்கிளில் வந்த இரண்டு பையன்கள் மேல் மோதாமல் ஒதுங்கப் போய் விழுந்தார். ஆறு நாள் நினைவில்லாமல் கிடந்து போய்ச் சேர்ந்தார். அவரைக் கவனித்த டாக்டர்களில் ஒருவர் ஹ்யூ கேர்ன்ஸ், மூளை அறுவை நிபுணர். அதன்பிறகு தலையில் அடிபட்ட பைக்காரர்கள் கேஸ்களை ஆராய்ந்து, 1941-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு கட்டுரை எழுதினார். ஹெல்மெட் போட்டிருந்தவர்கள் என்று அவருக்குக் கிடைத்ததே ஏழு கேஸ்தான். ஏழு பேரும் பிழைத்திருந்தார்கள். அதே வருஷம் நவம்பரில் பிரிட்டிஷ் ராணுவம், பைக்கில் தபால் கொண்டுபோகிற சிப்பாய்களுக்கு ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது. பொது ஜனத்துக்கு எப்போது? 1973-ல். நடுவில் 32 வருஷம். (இந்த 32-ஐ ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறது.)

கேர்ன்ஸ் காலத்து ஹெல்மெட் என்பது ரப்பரிலோ அழுத்திய கூழிலோ செய்தது. இன்றைக்கு நாம் போடுவதன் தாத்தா அமெரிக்காக்காரர். தென் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் இருந்த சார்லஸ் லம்பார்டு, விமானிகளுக்காக யோசித்து 1953-ல் ஒரு காப்புரிமை வாங்கினார். விஷயம் எளிமையானது. வெளியே கெட்டியான ஓடு. உள்ளே நசுங்கிப்போகிற ஒரு அடுக்கு. அடி விழும்போது அந்த அடுக்கு நசுங்கி, தலை நிற்பதற்குக் கொஞ்சம் தூரமும் கொஞ்சம் நேரமும் கொடுக்கும். கேட்டுக்குள் வேகமாக வருகிற பஸ்ஸைச் சுவரில் நிறுத்துவதற்கும் வைக்கோல் போரில் நிறுத்துவதற்கும் உள்ள வித்தியாசம்தான். அந்த வைக்கோல் போர்தான் தெர்மோகோல். நாம் டிவி பெட்டியிலிருந்து எடுத்துத் தூர எறிகிற அதே ஜாதி, கொஞ்சம் அடர்த்தி கூட.

லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் பெல் ஆட்டோ பார்ட்ஸ் என்கிற கடையை நடத்திய ராய் ரிக்டர் 1954-ல் பெல் 500 என்ற ஹெல்மெட்டைக் கொண்டுவந்தார். 1957-ல் வந்த அடுத்த மாடலில் உள்ளே தெர்மோகோல் அடுக்கு. ரேஸ் வீரர்கள் பின்னாலேயே சாதா பைக்காரர்களும் வாங்க ஆரம்பித்தார்கள். அப்போது சட்டம் எதுவும் கிடையாது. வாங்கு என்று கட்டாயப்படுத்த ஆளில்லை. அதனால் விற்கிறவன் வாங்குகிறவனின் தலையோடு நேராகப் பேச வேண்டியிருந்தது. பெல் கம்பெனியின் பிரபலமான விளம்பரம் ஒன்று உண்டு. உங்கள் தலை பத்து டாலர் பெறும் என்றால் பத்து டாலர் ஹெல்மெட் வாங்கிக்கொள்ளுங்கள் என்கிற பொருளில் வரும். கடுமையான ஆள்தான்! ஒரே வரியில் மலிவு ஹெல்மெட் வாங்குகிறவனை, தன் தலைக்குத் தானே விலை குறைத்தவனாக்கிவிட்டான்.

இது இரண்டு பக்கமும் வெட்டுகிற கத்தி. குப்பை ஹெல்மெட்டை ஒழித்தது உண்மை. கூடவே 'விலை அதிகமென்றால் பாதுகாப்பு அதிகம்' என்கிற நம்பிக்கையையும் விதைத்துவிட்டுப் போனது. அந்த நம்பிக்கையில் ஒரு தொழிலே வளர்ந்தது.

1956-ல் பீட் ஸ்னெல் என்கிற கார் ரேஸ்காரர் விபத்தில் இறந்தார். அவர் பெயரில் 1957-ல் நண்பர்கள் ஸ்னெல் ஃபவுண்டேஷன் ஆரம்பித்தார்கள். நல்ல ஹெல்மெட்டைச் சோதித்துச் சான்று கொடுப்பது வேலை. சான்று என்றால் ஹெல்மெட்டுக்குள் ஒட்டுகிற ஒரு ஸ்டிக்கர். கம்பெனிகள் காசு கொடுத்து வாங்க வேண்டும். ஃபவுண்டேஷன் லாபத்துக்கு நடப்பதல்ல, நோக்கத்தில் எனக்குச் சந்தேகமும் இல்லை. ஆனால் கடைக்காரனுக்கு அந்த ஸ்டிக்கர் வரப்பிரசாதம். அரசாங்கத்தின் சான்று மட்டும் உள்ளது கீழ் வகுப்பு, ஸ்னெல் உள்ளது மேல் வகுப்பு. விலையும் அப்படியே.

2005-ல் அமெரிக்காவின் மோட்டார்சைக்கிளிஸ்ட் பத்திரிகை இந்த மூட்டையைப் பிரித்துப் போட்டது. டெக்ஸ்டர் ஃபோர்டு என்பவர் எழுதிய கட்டுரை. கடையில் கிடைக்கிற ஹெல்மெட்களை வாங்கி, உள்ளே பொம்மைத் தலையை வைத்து, ரோடு மாதிரியான பரப்பில் போட்டு இடித்து, தலைக்குள் எவ்வளவு அதிர்ச்சி போகிறது என்று அளந்தார்கள். குறைவாகக் கடத்தியது, அதாவது சிறப்பாகத் தாங்கியது, சுமார் 80 டாலர் ஹெல்மெட் ஒன்று. அதைப்போலப் பல மடங்கு விலையுள்ள ஸ்னெல் சான்று ஹெல்மெட்கள் பொதுவாகக் கூடுதல் அதிர்ச்சியைத் தலைக்குள் விட்டன. காரணம் இதுதான். ஸ்னெல் சோதனை மிகக் கடுமையான அடியை, அதுவும் ஒரே இடத்தில் இரண்டு முறை, தாங்கச் சொன்னது. அதைத் தாங்க ஹெல்மெட்டைக் கெட்டியாகச் செய்ய வேண்டும். கெட்டியாகச் செய்தால் ரோட்டில் சாதாரணமாக நடக்கிற விழுகையில் தெர்மோகோல் போதுமான அளவு நசுங்காது. வைக்கோல் போர் திரும்பவும் சுவராகிவிடும். பெரிய சண்டை நடந்தது. பிற்பாடு 2010-ம் ஆண்டுத் தரத்தில் ஸ்னெல்லே தன் சோதனையை மாற்றி ஐரோப்பியத் தரத்துக்குப் பக்கத்தில் வந்தது.

பிரிட்டனில் 2007-ல் அரசாங்கமே ஷார்ப் என்று ஒரு திட்டம் தொடங்கி, கடையில் வாங்கிய ஹெல்மெட்களைச் சோதித்து ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரம் கொடுக்க ஆரம்பித்தது. அங்கேயும் இதே கதைதான். சல்லிசு விலை ஹெல்மெட் சில ஐந்து நட்சத்திரம் வாங்கின, பெரிய பெயர்கள் சில மூன்றில் நின்றன.

அப்படியென்றால் ஐம்பதாயிரம் ரூபாய் ஹெல்மெட்டில் என்னதான் இருக்கிறது? நிறைய இருக்கிறது. எடை குறைவு, காற்றோட்டம், சத்தம் குறைவு, கையால் அடுக்கின ஃபைபர் ஓடு, அருமையான பெயின்ட். அராய் கம்பெனியை ஆரம்பித்தவர் ஹிரோடேக் அராய், அடிப்படையில் தொப்பிக் கடைக்காரர். தலையின் வடிவம் தெரிந்த வம்சம். நாள் முழுக்க பைக்கில் இருக்கிறவனுக்கு அதெல்லாம் வீண் செலவில்லை. ரேஸ் வீரர் போட்டிருக்கும் டிசைனை அப்படியே நகலெடுத்து அடித்து, அதற்கென்று தனியாக விலை ஏற்றுவது மட்டும் கொஞ்சம் ஓவர். பெயின்ட் எந்த மண்டையையும் காப்பாற்றியதில்லை.

மேலே இப்படி. கீழே என்ன நடந்தது என்றும் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் 1966-ல் ஒரு சட்டம் வந்து, ஹெல்மெட்டைக் கட்டாயமாக்காத மாநிலத்துக்கு ரோடு நிதியில் கைவைப்போம் என்றார்கள். 1975-க்குள் பெரும்பாலான மாநிலங்கள் கட்டாயமாக்கின. 1976-ல் அந்த மிரட்டலை விலக்கியதும் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டன. சட்டம் மிச்சமிருந்த மாநிலங்களில் ஒரு விசித்திரச் சரக்கு விற்பனைக்கு வந்தது. பெயர் 'நாவல்டி ஹெல்மெட்'. பார்க்க ஹெல்மெட், உள்ளே வெறும் ஸ்பாஞ்ச். பாதுகாப்புக்கு அல்ல என்று அதிலேயே எழுதியிருக்கும். அரசாங்கச் சான்று போலவே ஒரு போலி ஸ்டிக்கர் தனியாக வாங்கி ஒட்டிக்கொள்ளலாம். போலீஸைத் தவிர வேறு யாருக்காகவும் செய்யப்படாத ஹெல்மெட். வெள்ளைக்காரன் ஊரிலும் இதுதான் நிலைமை என்று தெரிந்தபோது எனக்குக் கொஞ்சம் ஆறுதல்தான்.

சரி, நம் கதைக்கு வருவோம்.

இங்கே ஹெல்மெட் கடைக்காரன் தலையோடு பேசி விற்க வேண்டிய அவசியம் பெரிதாக வரவே இல்லை. சட்டம்தான் முதல் சேல்ஸ்மேன். ஆந்திராவில் ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியதை எதிர்த்து ஒருவர் சுப்ரீம் கோர்ட் வரை போனார். எங்கும் சுதந்திரமாகப் போகிற என் உரிமை பறிபோகிறது என்று வாதம். 1988-ல் கோர்ட் அதைத் தள்ளுபடி செய்தது. அதே வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம், 129-வது பிரிவில், ஐ.எஸ்.ஐ. தரத்துக்கு ஒத்த ஹெல்மெட்டைப் போட வேண்டும் என்று சொன்னது. தலைப்பாகை கட்டின சீக்கியருக்கு மட்டும் விலக்கு. வேறு விலக்குகளை அந்தந்த மாநிலம் கொடுத்துக்கொள்ளலாம். சட்டம் 1989 ஜூலையில் அமலுக்கு வந்தது. போடாதவனுக்கு அபராதம் 100 ரூபாய்.

இங்கேதான் சூட்சுமம். ஐ.எஸ்.ஐ. இல்லாத ஹெல்மெட்டைப் போடுவது குற்றம். விற்பது? குற்றமில்லை! முத்திரை வேண்டுமானால் கம்பெனி வாங்கிக்கொள்ளலாம், வேண்டாமென்றால் விட்டுவிடலாம். முத்திரை இல்லாத ஹெல்மெட்டைச் செய்யவோ விற்கவோ கூடாது என்று மத்திய அரசு உத்தரவு போட்டது 2020 நவம்பரில். அமலுக்கு வந்தது 2021 ஜூன் 1. சட்டம் வந்த 1989-லிருந்து எண்ணிப் பாருங்கள். ஞாபகம் வைக்கச் சொன்ன 32 வருஷம்.

அந்த 32 வருஷமும் சந்தை என்ன கணக்குப் போட்டிருக்கும்? அபராதம் 100. தரமான ஹெல்மெட் பல நூறு. நடுவில் ஒருவன் வந்து, நூற்றைம்பது ரூபாய்க்கு போலீஸ் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஒரு சட்டி தருகிறேன் என்கிறான். இரண்டு தடவை பிடிபடாமல் போனால் காசு வந்துவிட்டது. வாங்கினவனை முட்டாள் என்று சொல்ல மாட்டேன். அவன் முன்னால் வைத்த கணக்குக்குச் சரியான விடையைத்தான் எழுதினான். கணக்கையே தப்பாகப் போட்டுக் கொடுத்துவிட்டார்கள்.

அந்த விடையின் விலையை நான் நேரில் பார்த்தேன். எங்கள் ஆபீஸில் டிரெய்னியாகச் சேர்ந்த கோவில்பட்டிப் பக்கத்துப் பையன். ஒரு டிசம்பர் ராத்திரி, பனிமூட்டத்தில், மதுரா ரோட்டில் டிவைடரில் ஏற்றிவிட்டான். பெரிய வேகமெல்லாம் இல்லை. ஹெல்மெட் போட்டிருந்தான். ஆஸ்பத்திரியில் அவன் சாமான்களை ஒரு பையில் போட்டுக் கொடுத்தார்கள். அதில் ஹெல்மெட் இரண்டாகப் பிளந்து கிடந்தது, மண்சட்டி மாதிரி. உள்ளே தெர்மோகோலே இல்லை. கறுப்புத் துணி, அதற்குப் பின்னால் பாத்திரம் தேய்க்கிற மாதிரி ஒரு ஸ்பாஞ்ச். வெளியே பளபளவென்று ஐ.எஸ்.ஐ. முத்திரை. பையன் பிழைத்துக்கொண்டான், கல்யாணம் ஆகி இரண்டு குழந்தைகள். ஆனால் தலையில் பட்ட அடியில் வாசனை அறிகிற நரம்பு போய்விட்டது. எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தால் தங்கமணி ரசத்துக்குப் பெருங்காயம் தாளிக்கிறது தெரியாது அவனுக்கு. கலரைப் பார்த்து, "ரசமாக்கா?" என்பான்.

ஓடு எதற்கு, தெர்மோகோல் எதற்கு என்று அன்றைக்குத்தான் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். ஐரோப்பியத் தரத்தில் ஹெல்மெட்டை இடிக்கிற வேகம் மணிக்கு சுமார் 27 கிலோமீட்டர். இவ்வளவுதானா என்று தோன்றும். பைக் எண்பதில் போனாலும் தலை ரோட்டை நோக்கி விழுகிறது மேலிருந்து கீழேதான். 27 என்பது ஒன்பதடிக்கு மேல் உயரத்திலிருந்து விழுகிற வேகம். ஒன்பதடி உயரத்திலிருந்து தேங்காய் விழுந்தால் என்ன ஆகும் என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. உலகம் முழுக்க வந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த காக்ரேன் அறிக்கை ஒன்று 2008-ல் வந்தது. ஹெல்மெட் சாவை சுமார் 42 சதமும், தலைக்காயத்தை 69 சதமும் குறைக்கிறது என்றது. அந்த 69-ல் பெரும்பங்கு அந்த வெள்ளை அடுக்கின் புண்ணியம். அது வாங்கும்போது கண்ணுக்குத் தெரியாது. கண்ணுக்குத் தெரியாததற்கு யார் காசு கொடுப்பான்?

நம் ஊர் வரலாறு இன்னும் சுவாரசியம். 2007 ஜூன் 1 முதல் கட்டாயம் என்று தமிழ்நாட்டில் அறிவித்தார்கள். சில நாளிலேயே பிடி தளர்ந்தது. வாங்கினவர்கள் பரணில் போட்டார்கள். அப்புறம் 2015. நீதிபதி கிருபாகரன் உத்தரவு, ஜூலை 1 முதல் ஓட்டுகிறவர், பின்னால் உட்காருகிறவர் இருவரும் போட வேண்டும். போடாவிட்டால் வண்டிப் பேப்பர்களைப் பிடித்து வைத்துக்கொள்வார்கள். ஐ.எஸ்.ஐ. ஹெல்மெட்டையும் வாங்கின பில்லையும் காட்டினால்தான் திருப்பிக் கொடுப்பார்கள். அந்த பில் என்கிற ஒரு வார்த்தைக்காகவே நீதிபதிக்கு ஒரு கும்பிடு போடலாம்.

ஆனால் ஜூன் மாசக் கடைசியில் ஊரில் நடந்தது தீபாவளிக் கூட்டம். சரக்கு தீர்ந்தது, இருந்த சரக்கு விலை ஏறியது. எனக்கு ஃபோன் மேல் ஃபோன். "அண்ணே, உங்க ஊர்லதான் ஹெல்மெட் ஃபேக்டரியே இருக்காமே? நம்ம தெருவுக்கு ஒரு இருபது அனுப்புங்கண்ணே" என்றான் திருமங்கலத்திலிருந்து சித்தப்பா பையன். அங்கே அவனிடம் கேட்ட விலை, இங்கே கடையில் நான் விசாரித்ததைப் போல இரண்டு மடங்கு. லீவுக்குக் கிளம்பின நண்பர் ஒருவர் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஆறு ஹெல்மெட் கொண்டுபோனார். அப்பர் பெர்த்தில் ஹெல்மெட், கீழே அவர் உட்கார்ந்தபடி.

அதில் ஒரு விலைப் பாடம் இருக்கிறது. ஹெல்மெட்டை ஏற்றுவது என்பது காற்றை ஏற்றுவது. எடை ஒரு கிலோ சொச்சம், இடம் ஒரு குடம். லாரி நிரம்பிவிடும், பாரம் ஏறாது. ஃபரிதாபாத்திலிருந்தோ, ஸ்டீல்பேர்டு செய்கிற இமாசலத்துப் பத்தி என்கிற ஊரிலிருந்தோ, வேகாவின் பெலகாவியிலிருந்தோ தூத்துக்குடி போக வேண்டும் என்றால் வாடகை விலையில் ஏறத்தான் செய்யும். அடுத்தது அச்சு. பிளாஸ்டிக்கை உருக்கி ஓடு வார்க்கிற அச்சு பெரிய முதலீடு. அதை எத்தனை லட்சம் ஹெல்மெட்டில் பங்கு போடுகிறார்கள் என்பதில்தான் ஆயிரம் ரூபாய் விலை நிற்கிறது. அதனால் ஒரே ஓட்டை வைத்துக்கொண்டு பத்து ஹெல்மெட் விற்பார்கள். கறுப்பு ஒரு விலை. மேட் ஃபினிஷ் கொஞ்சம் கூட. மண்டையோடு, நெருப்பு, சிறகு படம் போட்டது இன்னும் கூட. உள்ளே அதே தெர்மோகோல். நம் பிள்ளைகள் முந்நூறு ரூபாய் கூடக் கொடுத்து வாங்குவது மண்டையோட்டுப் படத்தை!

பெட்டியில் அச்சடித்த எம்.ஆர்.பி. ஒன்று, கடைக்காரர் தருகிற விலை ஒன்று. பேரம் பேசிக் குறைத்துவிட்டோம் என்று நமக்குச் சந்தோஷம் வர வேண்டும் என்பதற்காகவே ஏற்றி அச்சடித்தது என்பது என் அபிப்பிராயம். வரி மட்டும் பேரத்துக்கு வராது. 2017-ல் ஜி.எஸ்.டி. வந்தபோது ஹெல்மெட்டை 18 சதத்தில் வைத்தார்கள். 1,180 ரூபாய் பில்லில் 180 ரூபாய் சர்க்காருக்கு. பிளாட்ஃபாரத்துக்காரனிடம் பில்லும் இல்லை, வரியும் இல்லை. சட்டப்படி செய்கிறவன் சரக்கைச் சட்டமே விலை ஏற்றிக் கொடுக்கிறது.

2019 செப்டம்பரில் அபராதம் 100-லிருந்து 1,000 ஆனது, மூன்று மாசம் லைசென்ஸும் போகும். தமிழ்நாட்டில் இந்த உயர்வு 2022 அக்டோபரில் வந்தது. முப்பது வருஷத்தில் முதல் தடவையாக அபராதமும் ஒரு சாதாரண நல்ல ஹெல்மெட்டின் விலையும் பக்கத்தில் பக்கத்தில் வந்தன. கணக்கு கொஞ்சம் திருந்தியது. ஆனாலும் பழைய வழக்கம் போகவில்லை. கரோல் பாக் மார்க்கெட்டில் ஒரு கடையில் நான் ஹெல்மெட் கேட்டதும் கடைக்காரர் ரொம்ப மரியாதையாகக் கேட்டார், "சலான் வாலா தூம், யா சர் வாலா?" சலானுக்கா, தலைக்கா? கிண்டலே இல்லை. ஜவுளிக்கடையில் காட்டனா சில்க்கா என்கிற மாதிரி. அது 2021-க்கு அப்புறம். 2025 ஜூலையில் நுகர்வோர் துறை சொன்ன தகவல், அந்தச் சமயம் நாட்டில் ஐ.எஸ்.ஐ. லைசென்ஸ் இருந்த ஹெல்மெட் தயாரிப்பாளர்கள் 176 பேர். தில்லியில் லைசென்ஸ் காலாவதியான அல்லது ரத்தான ஒன்பது பேரிடமிருந்து 2,500-க்கு மேல் பிடித்தார்கள். அந்த ஒன்பதும் ஐ.எஸ்.ஐ. என்றுதான் விற்றிருக்கும். முத்திரைக்குப் பக்கத்தில் சி.எம்/எல் என்று ஒரு நம்பர் இருக்கும். பி.ஐ.எஸ். கேர் என்கிற ஆப்பில் போட்டுப் பார்த்தால் உயிருள்ள லைசென்ஸா என்று சொல்லிவிடும். கடையிலேயே நின்று பார்க்கலாம், கூச்சப்பட வேண்டாம்.

இதுவரை சொன்னதெல்லாம் ஓட்டுகிறவர் தலை. பின்சீட்டுத் தலை என்று ஒன்று இருக்கிறது. நம் வீடுகளில் நடப்பதைச் சொல்கிறேன், ரங்கமணிகள் கோபித்துக்கொள்ளக் கூடாது. அவருக்கு ஆயிரத்து எண்ணூறுக்கு ஃபுல் ஃபேஸ். அவளுக்கு, "நீ எப்பவாவதுதானே வர்றே" என்று முந்நூறுக்கு அரைச் சட்டி. கொண்டை இடிக்கும், பூ நசுங்கும், ஸ்ட்ராப்பை மாட்ட மாட்டாள். மாட்டாவிட்டால் சட்டத்தின் கண்ணில் அது ஹெல்மெட்டே கிடையாது, வாரால் தலையோடு இறுகக் கட்டியிருக்க வேண்டும் என்பது அந்த 129-ன் விளக்கத்திலேயே இருக்கிறது. தில்லியில் பெண்களுக்கு விலக்கே இருந்தது, 2014-ல்தான் எடுத்தார்கள், சீக்கியப் பெண்கள் நீங்கலாக. கம்பெனிகளும் இந்தத் தலையைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்பட்ட மாதிரி தெரியவில்லை. பிங்க் கலர் அடித்துப் பூப்போட்டால் லேடீஸ் மாடல். மத்திய அரசின் 2022-ம் வருஷத்து விபத்து அறிக்கையில், ஹெல்மெட் இல்லாமல் இறந்தவர்கள் 50,029. அதில் ஓட்டினவர்கள் 35,692. பின்னால் உட்கார்ந்து வந்தவர்கள் 14,337.

புது வண்டி வாங்கும்போது கம்பெனி ஒரு ஐ.எஸ்.ஐ. ஹெல்மெட் தர வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதியில் ஏற்கெனவே இருக்கிறது. 138-வது விதி. எத்தனை பேருக்குத் தெரியும்? ஷோரூமில் நீங்களாகக் கேட்டுப் பாருங்கள், முகம் போகிற போக்கைப் பார்க்கலாம். ஒன்றுக்குப் பதில் இரண்டு தர வேண்டும் என்று 2025 ஜூனில் ஒரு வரைவு வெளியிட்டார்கள். இரண்டாவது யாருக்கு என்று சொல்ல வேண்டியதில்லை.

குழந்தைகளுக்கு? நான்கு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு 2019 திருத்தத்திலேயே ஹெல்மெட் கட்டாயம். ஒன்பது மாதத்திலிருந்து நான்கு வயது வரை உள்ள குழந்தைக்கும் அளவான ஹெல்மெட்டும், ஓட்டுகிறவரோடு கட்டுகிற பெல்ட்டும் வேண்டும், வேகம் 40-ஐத் தாண்டக் கூடாது என்ற விதி 2023 பிப்ரவரியில் அமலுக்கு வந்தது. தம்பி மகளுக்காக நான் அதே கரோல் பாக் கடைக்குப் போனேன். கடைக்காரர் பையனைப் பரணில் ஏற்றினார். முதலில் சைக்கிள் ஹெல்மெட் ஒன்றை இறக்கினான், அது வேண்டாம் என்றேன். பிறகு கிரிக்கெட் ஹெல்மெட். அதுவும் இல்லை. கடைசியாக ஒரு பெட்டி, மேலே ஒரு விரல்கடைக்குத் தூசி. திறந்தால் பழுப்பு ஏறாத, ஐ.எஸ்.ஐ. நம்பர் உள்ள சின்ன ஹெல்மெட். கட்டை விரலால் உள்ளே அழுத்திப் பார்த்தேன், தெர்மோகோல் இருந்தது. எவ்வளவு குறைப்பீர்கள் என்றேன். எம்.ஆர்.பி.தான் என்றார். இந்த சைஸுக்கு பேரம் பேச யாரும் வருவதில்லை, அதனால் இதற்கு டிஸ்கவுண்ட் ரேட்டே போட்டு வைக்கவில்லையாம்.